கார்க் கவுண்டில கடைசி நாட்களைக் கழிச்ச பிரபலங்கள் யாரு?

அயர்லாந்து கார்க் பத்தி படிச்சிட்டிருக்கேன், வெளியூர்லேர்ந்து வந்து அங்கயே இறந்தவங்க யாராவது தெரியுமா?

பதில் 1: ஜார்ஜ் பூல்தான் முதல்ல. இங்கிலாந்து லிங்கன் ஊர்ல பொறந்த ஆளு, 1849ல கார்க் காலேஜுக்குக் கணக்கு ப்ரொஃபசரா வந்தார். 1864 நவம்பர்ல கொட்டுற மழையில நடந்தே காலேஜ் போயி ஈரத் துணியோடவே பாடம் நடத்தியிருக்கார், அதுல காய்ச்சல் வந்து நிமோனியாவாகி டிசம்பர் 8 கார்க் பேலின்டெம்பிள் பகுதியில இருந்த வீட்லயே போயிட்டார், வயசு வெறும் 49. இன்னிக்கு கம்ப்யூட்டரே அவரோட லாஜிக்லதான் ஓடுது, நினைச்சாலே மனசு கேக்கல.

பதில் 2: நாவலாசிரியர் ஜே.ஜி. ஃபேரலும் இருக்காரே. 1857 கலகத்தை வச்சு எழுதின நாவலுக்கு 1973ல புக்கர் வாங்கினவர். 1979ல கார்க் பக்கம் குடிவந்த கொஞ்ச மாசத்துலயே, பாறைமேல நின்னு மீன் பிடிக்கிறப்ப அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. 44 வயசுதாங்க.

கேள்வி கேட்டவர்: ஃபேரல் கார்க்லயா இறந்தார்! ரொம்ப நன்றிங்க.