14416-க்குப் போன் போட்டால் ஆகிற காரியமா?

வைகைக்கரை:
அக்கா மகனுக்கு இருபது வயது. டிப்ளமோவில் மூன்று அரியர். ஒரு மாதமாக ரூமை விட்டு வெளியே வருவதில்லை, தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, "மாமா, நான் இல்லைன்னா அம்மாவுக்கு ஒரு பாரமாவது குறையும்ல?" என்றான். விடியும்வரை அவன் பக்கத்திலேயே படுத்திருந்தேன். மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடச் சொல்கிறாள் என் மனைவி. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி நம்பரா?" என்று அக்கா அழுகிறாள். கூப்பிட்டுப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கறார்க்கண்ணன்:
வீண் வேலை. போன வருஷம் என் நண்பனுக்காக ஒரு உதவி எண்ணுக்குப் பேசினேன் (எது என்று சொல்லப்போவதில்லை). மூச்சை மெதுவாக இழுத்து விடுங்க, தண்ணி குடிங்க என்றார்கள். வேலை போனவனுக்குத் தண்ணீரா குறை? ஊர் ஊராக நம்பரைச் சுவரில் எழுதிவிட்டால் அரசாங்கத்தின் கடமை முடிந்தது. நேராக ஜிஹெச்சுக்குப் போங்கள்.

நைட்ட்யூட்டி_நர்ஸ்:
கண்ணன் சார், ராத்திரி பதினொன்றரைக்கு எந்த ஜிஹெச்சில் ஓ.பி. சீட்டு தருகிறார்கள்?

வைகைக்கரை அண்ணே, 14416 என்பது டெலி மானஸ், அரசு நடத்தும் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. நாள் முழுக்க எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் கவுன்சலர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கொடுப்பார். பையன் பேச மாட்டேன் என்றால் நீங்களே பேசி, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்கலாம். சென்னையில் 1986 முதல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, 044-24640050. அங்கே தன்னார்வலர்கள்தான் பேசுகிறார்கள்.

ஆனால் போனுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவனிடம் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாக ஆகாது. பெரும்பாலும், யாராவது கேட்டார்களே என்று மூச்சு விடுவார்கள். ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். கைமீறிப் போகிற மாதிரி தெரிந்தால் 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்திலிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

ஒத்தப்பனை:
இத்தனை சுற்று எதற்கு? மனசு சரியில்லாத எங்கள் சித்தப்பாவை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் நாற்பது நாள் தங்க வைத்தோம். தெளிந்துதான் வந்தார்.

கறார்க்கண்ணன்:
ஏர்வாடியா? 2001 ஆகஸ்ட் 6 மறந்துபோச்சா? கொட்டகையில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் தீ பிடித்தபோது ஓட முடியாமல் செத்தார்கள். 28 பேர்.

ஒத்தப்பனை:
அது தர்காவில் இல்லை தம்பி, சுற்றி இருந்த தனியார் விடுதி ஒன்றில் நடந்தது. அப்புறம் அந்த விடுதிகளை மூடிவிட்டார்கள். இப்போது தர்காவில் துஆவும் (பிரார்த்தனை) உண்டு, பக்கத்திலேயே அரசு டாக்டரின் மாத்திரையும் உண்டு. சித்தப்பா இரண்டையும் எடுத்தார். எதனால் தெளிந்தார் என்று நான் சண்டை போட வரவில்லை.

வைகைக்கரை:
அக்காவுக்கு இன்னொரு பயம். ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், நாளைக்கு வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்கிறாள்.

கறார்க்கண்ணன்:
இதில் அக்கா பயப்பட வேண்டாம். எண்ணம் வந்தது என்று டாக்டரிடம் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றம் இல்லை. முயற்சி செய்தவர்களையே கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றம் என்ற பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 முதல் இல்லை. முயற்சி செய்து வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தகவல் சொல்லும் பதிவு) போடுவது வழக்கம், ஆனால் அது வேறு.

நைட்ட்யூட்டி_நர்ஸ்:
அட, கண்ணன் சார் சொன்னதில் இன்றைக்கு எனக்குச் சண்டையே இல்லை. அண்ணே, அக்கா வீட்டில் விவசாயம் உண்டா? வயல் மருந்து எங்கே இருக்கிறது?

வைகைக்கரை:
உண்டு. மாட்டுக்கொட்டகைப் பரணில்.

நைட்ட்யூட்டி_நர்ஸ்:
இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்த மருந்து வேறு வீட்டுக்குப் போகட்டும். மாத்திரை டப்பா உங்கள் மனைவி கையில் இருக்கட்டும்.

கறார்க்கண்ணன்:
இதைத்தான் வீண் என்கிறேன். முடிவு செய்தவனுக்குக் கடைத்தெருவில் கிடைக்காதா?

நைட்ட்யூட்டி_நர்ஸ்:
பதினாறு வருஷமாக கேஷுவாலிட்டியில் நிற்கிறேன் சார். பிழைத்து வந்தவர்கள் "அந்த நேரத்துல என்னமோ ஆயிருச்சு சிஸ்டர்" என்றுதான் அழுகிறார்கள். அந்த நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பேங்க் லாக்கர் மாதிரி பொது இடத்தில் பெட்டி பெட்டியாகப் பூட்டிவைத்துப் பார்த்தார்கள். பெட்டியைத் திறக்க நாலு எட்டு நடக்க வேண்டும், இன்னொரு ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும். சினேகாவைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு செய்த வேலை அது.

கறார்க்கண்ணன்:
சரி, மருந்தை எடுங்கள். ஆனால் போனில் பேசினால் மூன்று அரியர் பாஸாகிவிடுமா?

வைகைக்கரை (இரண்டு நாள் கழித்து):
பாஸாகாதுதான். நேற்று ராத்திரி நான்தான் முதலில் போட்டேன். எனக்கே வாய் வரவில்லை. எதிர்முனையில் இருந்த பெண் அவசரப்படுத்தவில்லை. பாதியில் பையன் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான். படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். இறங்கி வந்து, "ரசம் இருக்கா?" என்றான். அக்கா அடுப்படிக்கு ஓடினாள்.

ஜிஹெச் மனநலப் பிரிவில் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். திங்கள்கிழமை போகிறோம். மருந்து கொழுந்தியா வீட்டுக்குப் போய்விட்டது.

கறார்க்கண்ணன்:
என் கருத்து மாறவில்லை. ஒரு டாக்டருக்கு இத்தனை கூட்டம் இருக்கிறவரை நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திங்கள் ஏழரைக்கே போய்ச் சீட்டு எடுங்கள், இல்லாவிட்டால் மதியம் ஆகிவிடும். நானும் மதுரைதான், வரிசையில் நிற்க ஆள் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.