புதுப்பிப்பு: மகள் வீட்டிலிருந்தே உயர்தரம் எழுதப்போறாள்

சாதாரணதரத்தோட பள்ளிக்கூடத்தை விட்ட மகளை வீட்டில படிப்பிச்சு உயர்தரம் எழுத வைக்கலாமோ எண்டு முந்திக் கேட்டிருந்தனான். ஓம், முடியும். தனிப்பட்ட பரீட்சார்த்தியா விண்ணப்பிச்சாச்சு, வர்த்தகப் பிரிவு. வவுனியாப் பல்கலைக்கழகத்தில வியாபாரக் கற்கைகள் படிக்க அவளுக்குச் சரியான ஆசை.

நான் கவனியாமல் விட்டது ஒண்டு: மூண்டு பாடமும் சித்தியெண்டாலும், எல்லாப் பிரிவுக்கும் பொதுவா வைக்கிற பொதுச் சாதாரணப் பரீட்சையில 30 புள்ளி எடுக்காட்டிப் பல்கலைக்கழக அனுமதி இல்லை. இப்ப அதுக்கும் பழைய வினாத்தாள் செய்யிறாள்.

நேற்றிரவு விறாந்தையில கணக்கீடு செய்துகொண்டிருந்தாள். வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமனோ எண்டு பார்க்கிற பட்டியலான பரீட்சை மீதி 450 ரூபாயால பொருந்தேல்லை. ஒரு மணித்தியாலம் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். ஒரு தொகை பக்கம் மாறிக் கிடந்தால் வித்தியாசம் அதின்ர இரண்டு மடங்கா வரும் எண்டதால, பிறகு வித்தியாசத்தைப் பாதியாக்கி 225ஐத் தேடினாள். செலவுப் பக்கம் வரவேண்டியது வரவில கிடந்தது! "அம்மா, பிடிச்சிட்டன்!" எண்டு கத்தினதில அப்பம்மாவும் எழும்பிட்டா.