மறுமொழி: ‘ஸ்பாட்டிங்’, ‘பிளேட் பிளர்ரிங்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சாலையில் தென்படும் அரிய கார்களை இனங்கண்டு படம் எடுக்கும் பொழுதுபோக்குக்கு ஸ்பாட்டிங் என்று பெயர். அந்தப் படத்தில் வண்டியின் எண் தெரியாமல் மங்கலாக்குவது பிளேட் பிளர்ரிங். இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இழை நீண்டுவிட்டது, அதனால் எனக்குத் தோன்றியதை ஒரே மடலில் கொட்டிவிடுகிறேன். காருக்கு மகிழுந்தா சீருந்தா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். எனக்குக் கார் போதும். கருமேகத்துக்கும் அதே பெயர்தான். யாரும் அந்நியமாக உணரப் போவதில்லை.

முதலில் ஸ்பாட்டிங். “பறவை நோக்கல் என்று இருக்கிறதே, கார் நோக்கல் என்று வைத்துவிட்டுப் போகலாமே” என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோக்குவது நிதானமான வேலை. தொலைநோக்கியோடு மரத்தடியில் அரை மணி நேரம் உட்காருபவருக்குப் பொருந்தும். அரிய கார் அப்படி உட்கார வைக்காது. எதிர்ச்சாரியில் முகப்பு விளக்கின் வடிவம் ஒரு நொடி தெரியும். இல்லையென்றால் சத்தம் மட்டும் கேட்கும். அதற்குள் இது இன்ன வண்டி, இன்ன காலத்தது என்று மனம் சொல்லிவிட வேண்டும். கேமராவை எடுப்பதெல்லாம் அப்புறம். ஆகவே இங்கே பார்ப்பதைவிட இனங்காண்பதுதான் பெரிது.

அதிலும் போலிகள் வேறு. ஏசி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1960களில் ஏறக்குறைய ஆயிரம் வண்டிதான் வந்தது. அதன் நகல்களோ அதைப்போலப் பல மடங்கு. சாலையில் கோப்ரா ஒன்றைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பவரிடம் அனுபவசாலி முதலில் கேட்கிற கேள்வியே “அசல்தானா?” என்பதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு ‘நோட்டம்’ என்ற சொல் நினைவுக்கு வந்தது. பழைய நாளில் காசைத் தட்டியும் உரசியும் பார்த்து நல்லதா கள்ளக்காசா என்று சொல்பவர் நோட்டக்காரர். பார்ப்பது, மதிப்பறிவது, அசலையும் போலியையும் பிரிப்பது, மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. கார் நோட்டம், கார் நோட்டக்காரர். சொல்லிப் பாருங்கள், வாயில் தடங்கல் இல்லை.

தெரியும், உடனே என்ன எழுதப் போகிறீர்கள் என்று. “நோட்டம் விடுவது திருடன் வேலை அல்லவா?” உண்மைதான், இன்றைய பேச்சில் அந்த வாடை இருக்கிறது. தன் வண்டியை யாரோ நாலாபுறமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பதைப் பார்க்கும் உரிமையாளருக்கும் அதே சந்தேகம்தானே வரும்? அந்தச் சந்தேகத்தை மறைக்காத சொல் என்பதாலேயே எனக்கு இதைப் பிடித்திருக்கிறது. இழையில் வாக்கெடுப்பு வைத்தால் நோக்கல் ஜெயிக்கும் என்றும் தெரியும். ஜெயிக்கட்டும், என் வாக்கு நோட்டத்துக்கு.

இரண்டாவது சொல்லான பிளேட் பிளர்ரிங்கில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கப் போகிறேன். ‘எண்பலகை மங்கலாக்கல்’ வேண்டாம். பலகை மரத்தில் இருக்கட்டும்; இது தகடு. இலங்கையில் ‘இலக்கத் தகடு’ என்று அழகாகவே எழுதுகிறார்கள். ஆனால் என் மறுப்பு அதற்கு மட்டும் இல்லை. மங்கலாக்குவது ஒரு வழி, அவ்வளவுதான். செய்ய நினைப்பது மறைப்பது. வழியின் பெயரைக் காரியத்துக்கு வைத்தால், மங்கலாக்கியவர் மறைத்துவிட்டதாக நம்பிவிடுவார்.

தகட்டில் இருப்பது ஒரே பாணி எழுத்து, ஒரே அளவு. ஒவ்வொரு இடத்திலும் வரக்கூடியவை சில எழுத்துகளும் பத்து இலக்கங்களும்தான். லேசாக மங்கலாக்கிய படம் கையில் இருந்தால், ஒவ்வோர் எழுத்தையும் அதே அளவுக்கு மங்கலாக்கி எது ஒத்துப்போகிறது என்று பார்த்துக்கொண்டே வரலாம். கட்டம் கட்டமாகச் சிதைப்பதற்கும் அதே கதிதான். ஒரே நிறத்தை முழுசாக அப்பிவிட்டால் மட்டுமே அடியில் எதுவும் மிஞ்சாது. அதையும் படத்தைத் திருத்தும் மென்பொருளின் அடுக்குகளோடு (லேயர்) சேமித்து அப்படியே அனுப்பினால், மேல் அடுக்கை விலக்கிவிட்டால் எண் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மழை விட்ட பிறகு எடுத்த படம் ஒன்று. தகட்டின்மேல் கறுப்புக் கட்டம் ஒழுங்காகத்தான் வைத்தேன். பெருமையாகப் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் எண்ணை எழுதி அனுப்பினார். வண்டிக்கு முன்னால் தேங்கியிருந்த தண்ணீரில் அது தலைகீழாகப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. படத்தைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார், மனுஷன்.

சரி, தெருவில் எல்லோரும் பார்க்கிற எண்தானே, மறைப்பானேன் என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தெருவில் பார்ப்பவர் அடுத்த திருப்பத்தில் மறந்துவிடுவார், படம் மறக்காது. எண்ணோடு இடமும் நேரமும் சேர்ந்தால் ஒருவருடைய நடமாட்டம் ஆகிவிடுகிறது. தகட்டை மென்பொருளே படிக்கும் என்பதால் ஆயிரம் படங்களில் ஒரு வண்டியைத் தேடுவதும் கடினமில்லை. அதே மாடல், அதே நிறத்துத் திருட்டு வண்டிக்கு உங்கள் படத்திலிருக்கும் எண்ணைப் பொருத்தி ஓட்டினால், அபராதச் சீட்டு போய்ச் சேருவது அசல் உரிமையாளருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், மறைமுகமாக ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் தனிநபர் தரவாகத்தான் பார்க்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘தகட்டு மறைப்பு’. முதலில் ‘எண்மறை’ என்று சுருக்கமாக வைக்க ஆசைப்பட்டேன். நான்மறை போய் எட்டு வேதம் வந்துவிட்டதா என்று வீட்டில் கேட்டார்கள், கைவிட்டேன்.

ஆனால் தகட்டு மறைப்போடு வேலை முடியவில்லை, அதுவும் அரிய கார்களில். மெக்லாரன் எஃப்1 என்ற கார் மொத்தமே 106 செய்தார்கள். அதில் சாலைக்கான வழக்கமான வகை 64. ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை 36. இப்படிப்பட்ட வண்டிக்குத் தகட்டை மறைத்து என்ன பயன்? நிறமும் சக்கரமும் போதும், எந்த வண்டி, யாருடையது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். முன்கண்ணாடியின் அடியில் 17 எழுத்து அடையாள எண் தெரியும் வண்டிகளும் உண்டு. அங்கே மறைக்க வேண்டியது எங்கே, எப்போது என்பதைத்தான். கோப்பில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை நீக்குவது, பின்னணியில் தெரியும் வீட்டு வாசலை வெட்டுவது, வண்டி அங்கிருந்து போய்ச் சில நாள் கழித்துப் படத்தைப் போடுவது, இவையெல்லாம் சேர்ந்த பழக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

‘தடமறைப்பு’ எப்படி? தடம் என்றால் வழியும்தான், சுவடும்தான். தகட்டு மறைப்பு அதில் ஒரு பகுதியாக அடங்கிவிடும். என் சொல்லெல்லாம் திருடன் பக்கமே சாய்கிறது என்று கிண்டல் செய்வீர்கள். வேறு நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.

சொல் நிற்குமா என்று பார்க்க, படத்துக்குக் கீழே எழுதுவதைப்போல ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: “நேற்றைய நோட்டத்தில் ஒரு லம்போர்கினி மியூரா. தகடு மறைத்திருக்கிறேன், இடம் கேட்காதீர்கள்.” எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. ஸ்பாட்டர்கள் தாம் பிடித்த ஒவ்வொரு படத்தையும் ‘ஒரு ஸ்பாட்’ என்று எண்ணுகிறார்கள். “இந்த வருஷம் நாற்பது ஸ்பாட்” என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘காட்சி’ என்றால் சினிமா கொட்டகை நினைவு வருகிறது. ‘சிக்கல்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார், சிக்கியது என்ற பொருளில். நாற்பது சிக்கல்! சிரிப்பு வந்தது, ஆனால் அதைவிட நல்லது எனக்கும் சிக்கவில்லை.

அன்புடன்.