வெளிநாட்டுத் திட்டத்தில் ஆட்களைத் தெரிவு செய்த விதியைக் கேட்கலாமா?

கேள்வி (மயிலிட்டியாள்):
மீள்குடியேறின எங்கட பக்கம் வெளிநாட்டுக் காசில தண்ணித் தாங்கி குடுக்கினம். படிவத்தில "உரிமை அடிப்படையிலான அணுகுமுறை" எண்டு தடிச்ச எழுத்தில கிடக்கு. ஆரை, என்ன விதியில தெரிவு செய்தவை எண்டு கேட்டா "மேலிடத்து முடிவு" எண்டீனம். கைக்குழந்தையோட தகரக் கொட்டிலில இருக்கிற அக்காவின்ர பேர் இல்லை. கேக்க எங்களுக்கு உரித்து இருக்கோ?

பதில் 1:
தாறதை வாங்குங்கோ தங்கச்சி. கனக்கக் கேட்டா திட்டம் வேற ஊருக்குப் போயிடும்.

பதில் 2:
அண்ணை, இந்தப் பயத்திலதானே காலம் முழுக்க நிவாரண வரிசையில நிண்டனாங்கள்! உரிமை அடிப்படையிலான அணுகுமுறை எண்டா, உதவியைத் தானமாப் பாக்காமல் சனத்தின்ர உரித்தாப் பாக்கிறது. அதில வாற பங்கேற்பு, பாகுபாடின்மை, பொறுப்புக்கூறல் எல்லாம் 2003இல ஐ.நா. அமைப்புகள் தாங்களே ஒத்துக்கொண்ட விசயம். இலங்கையில எங்கட 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டமும், பெரும்பாலும் வெளிநாட்டு அரசுக் காசில சனத்துக்குச் சேவை செய்யிற தொண்டு நிறுவனங்களுக்குப் பொருந்தும். எழுத்தில கேளுங்கோ. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். மற்றவையின்ர சொந்த விவரம் கேட்டா மறுப்பினம். தெரிவு விதியை மட்டும் கேளுங்கோ.

மயிலிட்டியாள்:
கடிதம் பிரதேச செயலகத்துக்கோ?

பதில் 2:
இல்லை, அந்த நிறுவனத்தின்ர தகவல் அலுவலருக்கு. கிடைச்சதெண்டு கையெழுத்து வாங்காமல் வராதேங்கோ.