கேம்ப்புக்கு வராதவங்களுக்கு டீம்ல இடம் எதுக்கு?

பழைய_சென்டர்
நேத்து ராத்திரி சேர்வராயன்22 தம்பி வேற ஒரு திரியில போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கார். "பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்க பொம்பளைங்க கூடைப்பந்து டீம்ல கெயிட்லின் கிளார்க்கை எடுக்காதது வயித்தெரிச்சல், வேற ஒண்ணுமில்ல. உலகமே பார்க்க வந்த பொண்ணை வீட்ல உட்கார வெச்சுட்டு 42 வயசு பாட்டி டயானா டவ்ராசியைக் கூட்டிட்டுப் போனாங்க."

படிச்சதுல இருந்து தூக்கம் போச்சு. தம்பி, 2024 ஏப்ரல்ல கிளீவ்லாண்ட்ல அமெரிக்க டீம் கேம்ப் போட்டாங்க. காலேஜ்ல ஆடிட்டு இருந்த ஒரே ஒரு பொண்ணுக்கு அழைப்பு போச்சு. அது கிளார்க்குக்குத்தான். வந்தாளா? வரல. கேம்ப்புக்கே வராத ஆளை எந்தக் கணக்குல டீம்ல போடறது? செரில் ரீவ் கோச். அவங்க செட் பிளே இந்தப் பொண்ணு ஒரு நாள்கூட ஓடிப் பார்த்ததில்ல. ஒலிம்பிக்ஸ் என்ன ஏற்காடு கோடை விழாவா, கூட்டம் சேர்க்க ஆள் கூட்டிட்டு வர?

சேர்வராயன்22
வணக்கம் சென்டர் அண்ணா. தூங்காம இருந்ததுக்கு பாதி விஷயத்தை மட்டும் எழுதியிருக்கீங்க.

ஏன் வரலன்னு எழுதுங்களேன்? அதே வாரம், அதே கிளீவ்லாண்ட்ல, அவ காலேஜ் ஃபைனல் ஃபோர், அதான் கடைசி நாலு டீம் மோதற கட்டம், ஆடிட்டு இருந்தா. அதே ஊர்! கேம்ப் ஒரு பக்கம், இவ மேட்ச் ஒரு பக்கம். அவ காலேஜ் டீம் அயோவாவை அம்போன்னு விட்டுட்டு கேம்ப்புக்கு ஓடியிருக்கணுமா? ஓடியிருந்தா "டீமை விட்டு ஓடினவ"ன்னு அதுக்கு ஒரு திரி நீங்களே ஆரம்பிச்சிருப்பீங்க.

அந்த சீசன் ஃபைனலை அமெரிக்காவுல 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தாங்க. அதே வருஷம் ஆம்பளைங்க ஃபைனலுக்கு 1 கோடியே 48 லட்சம். பொம்பளைங்க ஃபைனல் ஆம்பளைங்களைத் தாண்டினது அதுதான் முதல் தடவை. யாரால?

பழைய_சென்டர்
அந்த ஃபைனல்ல ஜெயிச்சது யாரு தம்பி? சவுத் கரோலினா. 87-75. ஒரு மேட்ச்கூட தோக்காம 38-0. பார்த்த கூட்டத்தைச் சொல்றீங்க, ஸ்கோரைச் சொல்லல. அதான் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம்.

அதே ஊர்ல இருந்தா, சரி. கேம்ப்புக்கு வந்தாளா?

புதுசா_வந்தவன்
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன சந்தேகம். முதல்ல "திறமை"ன்னா எதைச் சொல்றோம்? அடிச்ச பாயிண்ட்டா, அனுபவமா, மத்தவங்களோட சேர்ந்து ஆடற பக்குவமா? அதை முடிவு பண்ணிட்டுப் பேசினா நல்லதுன்னு தோணுது.

சேர்வராயன்22
காலேஜ்ல மொத்தம் 3,951 பாயிண்ட். பீட் மராவிச் 3,667 எடுத்து அரை நூற்றாண்டு நின்ன சாதனை. அதைத் தாண்டிட்டா. ஆம்பளை பொம்பளை ரெண்டு பக்கமும் சேர்த்து டிவிஷன் 1-ல, அதான் காலேஜ் ஆட்டத்தோட மேல்மட்டத்துல, அவளுக்கு மேல யாருமில்ல. முதல் தொழில்முறை சீசன்லயே 337 அசிஸ்ட் (கூட ஆடறவங்க கூடை போட குடுத்த பாஸ்), டபிள்யூஎன்பிஏ, அதான் அமெரிக்க பொம்பளைங்க லீக், வரலாற்றுலயே 2024 வரைக்கும் ஒரு சீசனுக்கு அதுதான் அதிகம். அந்த வருஷத்து சிறந்த புதுமுகம். ஆல் டபிள்யூஎன்பிஏ முதல் அஞ்சு பேர்ல ஒருத்தி. இதுக்கு மேல திறமைக்கு என்ன சர்டிபிகேட் வேணும், தாசில்தார் கையெழுத்தா?

பழைய_சென்டர்
மாங்கா எப்ப காய்க்கும்னு சேலத்துக்காரனுக்குத் தெரியாதா? 337 அசிஸ்ட் முழுசா சேர்ந்தது செப்டம்பர்ல. டீம் அறிவிச்சது ஜூன்ல. ஜூன்ல கமிட்டி கையில என்ன இருந்தது? பத்துப் பன்னெண்டு மேட்ச். முதல் மேட்ச்ல 20 பாயிண்ட், சரி, கூடவே 10 டேர்ன் ஓவர். பத்து! நம்ம காந்தி ஸ்டேடியத்துல ஒரு பாயிண்ட் கார்டு பத்து தடவை பந்தைத் தாரை வார்த்தா கோச் செருப்பைக் கழட்டுவார்.

செப்டம்பர்ல பழுத்த பழத்தை ஜூன்ல ஏன் பறிக்கலன்னு கேக்கறீங்க. ஜூன்ல அது காய். அதுவும் கேம்ப்புக்கு வராத காய்.

சேர்வராயன்22
உவமை எல்லாம் நல்லாத்தான் வருது. இதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க தலையில தூக்கி வெச்சு ஆடற டயானா டவ்ராசி ஏதென்ஸுக்கு எப்பப் போனாங்க? 2004. லீக் டீமுங்க புது ஆளுங்களைப் பொறுக்கற டிராஃப்ட்ல முதல் ஆளா எடுத்தது? அதே 2004. புதுமுகம்! கேண்டஸ் பார்க்கர் 2008, புதுமுகம், பெய்ஜிங் போனாங்க. பிரியானா ஸ்டூவர்ட் 2016, புதுமுகம், ரியோ போனாங்க. டிராஃப்ட்ல மூணு பேருமே முதல் ஆள். கிளார்க்கும் 2024 டிராஃப்ட்ல முதல் ஆள். மூணு பேருக்குத் திறந்த கதவு இவளுக்கு மட்டும் ஏன் சாத்துச்சு?

அந்த டவ்ராசி பாரிஸ் ஃபைனல்ல எத்தனை நிமிஷம் ஆடினாங்க? பூஜ்யம். ஒரு நிமிஷம்கூட இறங்கல. துண்டைப் போட்டுக்கிட்டு பெஞ்ச்ல உட்கார ஒரு ஆள் வேணும்னா அதை கிளார்க்கும் செஞ்சிருப்பா.

விசில்காரர்
நான் முப்பது வருஷமா மாவட்ட மேட்ச்சுக்கு விசில் ஊதறவன். ஃபைனல் ஸ்கோர் 67-66ன்னு யாராவது ஞாபகப்படுத்துங்க. ஒரே பாயிண்ட். கடைசி விநாடியில ஃபிரான்ஸோட கேபி வில்லியம்ஸ் போட்ட பந்து விழுந்துச்சு. முன்னங்கால் மூணு பாயிண்ட் கோட்டு மேல இருந்ததால ரெண்டு பாயிண்ட். கால் கொஞ்சம் பின்னாடி இருந்திருந்தா மூணு, மேட்ச் ஓவர்டைம். உங்க ரெண்டு பேர் வாதமும் ஒரு ஷூ நுனியில தொங்கிட்டு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

பழைய_சென்டர்
ஷூ நுனியோ சுண்டுவிரலோ, ஜெயிச்சாச்சு சார். பாதி ஆட்டத்துல 25-25. மூணாவது குவார்ட்டர்ல 10 பாயிண்ட் பின்னாடி. பாரிஸ் பெர்சி அரங்கத்துல கூரை பிய்யற சத்தம், உள்ளூர் கூட்டம். அங்க இருந்து மேல வந்தாங்க. ஆஜா வில்சன் 21 பாயிண்ட், 13 ரீபவுண்ட். தொடர்ந்து எட்டாவது தங்கம், ஒலிம்பிக்ஸ்ல வரிசையா 61 வெற்றி. கடைசியா தோத்தது 1992 பார்சிலோனா செமி ஃபைனல். அப்ப இந்த கிளார்க் பொறக்கவே இல்ல.

இவ்வளவு செஞ்ச டீமைப் பார்த்து "தப்பான டீம்"ங்கறீங்க.

சேர்வராயன்22
ஒரு பாயிண்ட்ல தப்பிச்ச டீம்ங்கறேன். தூரத்துல இருந்து ட்ரிபிள், அதான் மூணு பாயிண்ட், போடற கை ஒண்ணு பெஞ்ச்ல இருந்திருந்தா கேபி வில்லியம்ஸோட ஷூவை நாம யாரும் பார்த்தே இருக்க மாட்டோம்.

பழைய_சென்டர்
கேம்ப்புக்கு வந்திருந்தா இருந்திருக்கும்.

அம்மாபேட்டை_அக்கா
நானும் ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன். என் பொண்ணு அண்டர்-16 ஆடறா. சென்டர் சார் கேம்ப் கேம்ப்னு சொல்றப்ப எல்லாம் எனக்கு வயிறு எரியுது. போன வருஷம் மாவட்டத் தேர்வு கேம்ப், பொண்ணுக்கு அன்னிக்கே ஸ்கூல்ல பரீட்சை. லெட்டர் எழுதிக் குடுத்தோம். வாங்கி வெச்சுக்கிட்டாங்க. லிஸ்ட்ல பேர் இல்ல. கேட்டா "கேம்ப்புக்கு வரலயேம்மா". அதே கேம்ப்புக்கு வராத இன்னொரு பொண்ணு பேர் மட்டும் இருந்துச்சு. அந்தப் பொண்ணோட அப்பா யாருன்னு நான் எழுத மாட்டேன்.

அப்புறம் பிரபலம் வேண்டாம் வேண்டாம்ங்கறீங்களே. அனிதா பால்துரை நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணு. 18 வருஷம் இந்தியாவுக்கு ஆடினாங்க, கேப்டனா இருந்தாங்க, 2021-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. என் தெருவுல நின்னு கேட்டா பத்துல ஒருத்தருக்குக்கூட அந்தப் பேர் தெரியாது. பேர் தெரியாத விளையாட்டுக்கு எந்த ஸ்கூல்ல கூடைப்பந்து போர்டு கட்டித் தருவாங்க? ஒரு பொண்ணைப் பார்க்க கூட்டம் வருதுன்னா அந்தப் பொண்ணைக் கையில வெச்சுத் தாங்கணும்.

பழைய_சென்டர்
அக்கா, உங்க பொண்ணுக்கு நடந்தது அநியாயம். ஆனா அது வேற, இது வேற. அனிதா மேடம் பத்தி நீங்க சொல்றதே என் கட்சிக்குத்தான் வருது. கூட்டம் பார்த்து ஆள் எடுத்திருந்தா அவங்க 18 வருஷம் ஆடியிருக்கவே முடியாது. அவங்களுக்கு எந்தக் கூட்டம் வந்தது?

அம்மாபேட்டை_அக்கா
எல்லாமே உங்க கட்சிக்கு வந்துடுது சார்.

யார்க்கர்_ரசிகன்
சேலத்துக்காரங்க தேர்வைப் பத்திப் பேசிட்டு நட்டு பேரை எடுக்காம இருக்கீங்களே, நியாயமா? சின்னப்பம்பட்டி நடராஜன். 2020 கடைசியில ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராப் போனார். ஒரே டூர்ல ஒன் டே, டி20, டெஸ்ட் மூணுலயும் அறிமுகம். அப்படி ஒரு இந்தியன் அதுக்கு முன்னாடி இல்ல. அதுக்கப்புறம்? பெரிய ஊர், பெரிய பேர் இல்லன்னா இதான் கதி.

சேர்வராயன்22
நண்பா, நீங்க யார் பக்கம்?

யார்க்கர்_ரசிகன்
நட்டு பக்கம்.

விசில்காரர்
நட்டுவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு தம்பி. எல்லாத்தையும் சதின்னு எழுதக்கூடாது. ஊர்ப் பெருமை பேசணும்னா மாரியப்பன் தங்கவேலுவைப் பேசுங்க. பெரியவடகம்பட்டி. பாராலிம்பிக்ஸ்ல ரியோ தங்கம், டோக்கியோ வெள்ளி, பாரிஸ் வெண்கலம். உயரம் தாண்டறதுல கமிட்டி கிமிட்டி எல்லாம் வேலைக்கு ஆகாது. கம்பு விழுந்தா விழுந்துச்சு.

பழைய_சென்டர்
அருமையாச் சொன்னீங்க சார். கம்பு விழுந்தா விழுந்துச்சு. கேம்ப்புக்கு வரலன்னா வரல.

சேர்வராயன்22
திறமை மட்டும்தான் பார்ப்பாங்கன்னா இன்னொரு பேர் சொல்றேன், யாரும் எழுந்திரிக்கக் கூடாது. ன்னெகா ஓகுமிகே. 2016-ல டபிள்யூஎன்பிஏவோட மதிப்புமிக்க வீராங்கனை. அதே வருஷம் ரியோ டீம்ல இல்ல. டோக்கியோவுக்கும் இல்ல. நொந்து போய் நைஜீரியாவுக்கு ஆடறேன்னு கேட்டாங்க, அதுக்கும் விடல. இவங்க எந்தக் கேம்ப்பை விட்டாங்க அண்ணா? பத்து டேர்ன் ஓவர் போட்டாங்களா? உங்க கமிட்டி தராசுல ஒரு பக்கம் எப்பவும் யாரோ கட்டைவிரலை வெச்சுட்டு இருக்காங்க.

பழைய_சென்டர்
ஓகுமிகே விஷயத்துல எனக்கும் வருத்தம் உண்டு. ஆனா திரி கிளார்க்கைப் பத்தினது.

சேர்வராயன்22
மாட்டிக்கிட்டா மட்டும் திரி ஞாபகம் வந்துடும்.

பழைய_சென்டர்
நான் யார்கிட்டயும் மாட்டல. 1998-ல இருந்து கோர்ட்ல நிக்கறவன் நான். புதுமுகத்தையே ஒதுக்கிட்டாங்கங்கறீங்க, அதே பாரிஸுக்கு 3x3 டீம்ல, அதான் பக்கத்துக்கு மூணு பேர் ஆடறது, கேமரன் பிரிங்கை எடுத்திருந்தாங்க, அவங்களும் அந்த வருஷத்துப் புதுமுகம்தான். முட்டி போனதால டியரிக்கா ஹாம்பி போனாங்க. புதுமுகம்ங்கறது பிரச்சனையே இல்ல. பிரச்சனை என்னன்னு நான் ஏற்கெனவே சொல்லிட்டேன், திரும்ப எழுத மாட்டேன்.

(கேம்ப்.)

இன்னொண்ணு. ஏற்காடு மலை மேல உட்கார்ந்து காபி குடிச்சிட்டே எழுதறவங்களுக்கு எல்லாம் ஈசி. மே மாசம் சேலம் வெயில்ல, சிமெண்ட் கோர்ட்ல, மத்தியானம் மூணு மணிக்கு செலக்‌ஷன் ஆடிப் பார்த்தாத்தான் டீம்ல ஒரு இடத்தோட அருமை தெரியும்.

சேர்வராயன்22
வந்துட்டீங்களா மலைக்கு! எதிர்பார்த்துட்டே இருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ்ல ஒரு தடவை வாந்தி எடுத்துட்டு, அதே மூணு மணி வெயில்ல உங்க டீமை ஜெயிச்சுட்டு, திரும்ப கடைசி பஸ் புடிச்சு ஒண்டிக்கடையில இறங்கினவன் நான். எங்க கோர்ட்ல பனி இறங்கினா பந்து சோப்பு மாதிரி வழுக்கும். அதுலயே நாங்க பத்து டேர்ன் ஓவர் போட்டதில்ல.

புதுசா_வந்தவன்
அப்போ கிளார்க் போட்ட பத்து டேர்ன் ஓவர் அதிகம்தான்னு நீங்களே ஒத்துக்கறீங்களா?

சேர்வராயன்22
நீங்க புதுசா வந்தவர், புதுசாவே இருங்க.

பழைய_சென்டர்
எங்க டீமை ஜெயிச்சீங்களா? எப்ப? 2009 மேட்ச்சையா சொல்றீங்க? அதை ஜெயிச்சதுன்னு சொல்லிக்கிட்டு இன்னமும் திரியறீங்களா? கடைசி லே அப் டிராவல் தம்பி. பந்தைத் தட்டாமலே மூணு எட்டு வெச்சீங்க. மைதானமே பார்த்துச்சு. விசில்காரர் சார் அன்னிக்கு விசிலை வாயில வெச்சுட்டு டீக்கடைப் பக்கம் பார்த்துட்டு இருந்தார்.

விசில்காரர்
சென்டர் சார், வார்த்தையை அளந்து பேசுங்க. அந்த மேட்ச்சுக்கு நான் இல்ல. நான் அன்னிக்கு டேபிள்ல ஸ்கோர் எழுதினேன். எழுதினவன்ங்கற முறையில சொல்றேன், உங்களுக்கு அன்னிக்கு அஞ்சாவது ஃபவுல் ரெண்டாவது பாதி ஆரம்பத்துலயே விழுந்துச்சு. அந்தக் கடைசி லே அப் அப்ப நீங்களும் டவ்ராசி மாதிரி பெஞ்ச்லதான் இருந்தீங்க.

அம்மாபேட்டை_அக்கா
😂

பழைய_சென்டர்
அக்கா, சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பெஞ்ச்ல இருந்தாதான் கால் நல்லாத் தெரியும். எதிர்லயே நடந்துச்சு. டவ்ராசியை இழுத்ததால சொல்றேன், ஆறு ஒலிம்பிக்ஸ், ஆறு தங்கம். அந்த ஆள் பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தாலே டைம் அவுட்ல பக்கத்துல இருக்கற பொண்ணுக்கு முதுகெலும்பு நேராகும். அதைக் கணக்குல எழுத உங்க ஸ்கோர் ஷீட்ல கட்டமே கிடையாது சார்.

சேர்வராயன்22
முதுகெலும்புக்கு ஒரு இடம், ட்ரிபிள் போடற கைக்கு இடம் இல்ல. நல்லது.

பழைய_சென்டர்
கேம்ப்புக்கு

சேர்வராயன்22
அதே ஊர்லதான் இருந்தா அண்ணா!!!

புதுசா_வந்தவன்
என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

யார்க்கர்_ரசிகன்
முட்டி ஆபரேஷன் 2021 ஏப்ரல்லயே முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஐபிஎல் ஆடலையா? அதைச் சொல்லுங்க விசில் சார்.

பழைய_சென்டர்
டிராவலைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்ல பாருங்க. பந்தைப் பிடிச்சப்ப வலது கால் தரையில. அப்புறம் இடது, வலது, இடது. நாளைக்கு சாயங்காலம் காந்தி ஸ்டேடியம் வாங்க, சாக்பீஸ்ல வரைஞ்சே காட்டறேன்.

சேர்வராயன்22
வலது கால் தரையிலயே இல்ல. காத்துல பிடிச்சேன். இறங்கினது இடது கால்ல, அதுதான் ஒண்ணு.