கண்ணுக்குச் சரியாகத் தெரிவதைத் திரைவாசிப்பான் தப்பாகப் படிக்கிறது: மின்னூலாக்கத்தில் எங்கே தவறுகிறோம்?

எழுத்துக்கூட்டி

வணக்கம். அச்சுப் புத்தகம் படிக்க இயலாதவர்களுக்காக (பார்வையற்றோர், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளோர், புத்தகத்தைப் பிடித்துப் புரட்ட முடியாதோர்) 320 பக்க வரலாற்று நூல் ஒன்றை 12 தன்னார்வலர்கள் மின்னூலாக்குகிறோம். ஸ்கேன், ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்), அப்புறம் ஆளுக்குச் சுமார் 27 பக்கம் மெய்ப்பு. ஈபப் என்ற மின்னூல் கோப்பாக அனுப்பினால் வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரிப் புகார்கள் வருகின்றன: சரியாகத் தெரியும் சொற்கள் கூடத் திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) விசித்திரமாக ஒலிக்கின்றன, வகுப்பில் "142ஆம் பக்கம்" என்று சொன்னால் அங்கே போக முடியவில்லை, வாக்கியத்தின் நடுவில் அடிக்குறிப்பு வந்து விழுகிறது. எதை மாற்ற வேண்டும்? பதிப்பகத்திடம் கோப்பு கேட்பதென்றால் எந்தக் கோப்பு?

மெய்ப்பாளர்

உச்சரிப்புப் புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஒரே மாதிரித் தெரியும் வேறு வேறு குறியீடுகள். "கௌரவம்" என்பதில் ௌ ஒரே குறி. அதையே ஒற்றைக்கொம்பு, பக்கத்தில் தனி ளகரம் என்று தட்டினால் "கெளரவம்". திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வாசிப்பானோ இரண்டாவதை "கெ-ள-ர-வம்" என்று படிக்கும். "ஒளவையார்" என்று இருந்தால் ஒகரமும் ளகரமும் தனித்தனியே ஒலிக்கும். எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ௭, ககரத்துக்குப் பதில் ௧, அகரத்துக்குப் பதில் ௮ நுழைந்திருந்தால் சொல்லின் நடுவில் "ஏழு", "ஒன்று", "எட்டு" என்று கேட்கும். எழுத்தோடு ஒட்டிய தமிழ் எண்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று கோப்பு முழுவதும் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஆனால் "ெள" என்பதை எல்லா இடத்திலும் ஒரேயடியாக "ௌ" என்று மாற்றிவிடாதீர்கள். வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் கெட்டுப்போகும். கௌரவம், பௌத்தம், மௌனம், சௌகரியம், பௌர்ணமி என்று சொற்பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் பாதுகாப்பு.

அடுத்தது ஓசிஆர் செய்யும் குழப்பம். ரகரமும் துணைக்காலும் பல அச்செழுத்துகளில் ஒரே வடிவம். "மரம்" "மாம்" ஆகும், "பாடம்" "பரடம்" ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களை இன்றைய எழுத்துருக்களில் பழகிய ஓசிஆர் வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். முதல் 10 பக்கத்தில் எது எதுவாக மாறுகிறது என்று குறித்துக்கொண்டால் மீதி 310 பக்கத்துக்கும் அதுவே தேடல் பட்டியல்.

புள்ளி தனிப் பிரச்சினை. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் மெலிந்த புள்ளிகள் காணாமல் போகும். "கல்" "கல" ஆகிவிடும். தாளில் இருக்கும் கறை புதிதாகப் புள்ளி வைக்கும். சாம்பல் நிற முறையில், அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் எடுங்கள். அடிக்குறிப்பு மாதிரிச் சிறிய எழுத்துக்கு 400. புத்தகத்தின் முதுகுப் பக்கம் வளைந்து நிழல் விழுந்தால் அந்த ஓரத்துச் சொற்கள் எல்லாம் போச்சு. கண்ணாடியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும்.

எளிதில் தப்பிவிடும் ஒன்று: தமிழ் அச்சில் வரியோரத்தில் இணைகோடு இல்லாமலே சொல்லை உடைப்பார்கள். "வந்திருக்" இந்த வரியில், "கிறார்கள்" அடுத்த வரியில். ஓசிஆர் இடையில் இடைவெளி விடும், வாசிப்பான் இரண்டு சொல்லாகப் படிக்கும், தேடினாலும் கிடைக்காது. வல்லின மெய்யில் முடியும் சொற்களைத் தேடிப் பாருங்கள். "படித்துப் பார்" போன்ற சரியானவையும் அதில் வரும். ஆகவே கண்ணால் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

தலைப்பு2

பக்க எண் விஷயம். வேர்ட் கோப்பை ஈபப்பாக மாற்றும் வேர்டுடுஈபப் கருவியில் பக்க எண் சேர்க்கும் வசதி உண்டு. அது தானாக எடுத்துக்கொள்வது வேர்ட் கோப்பின் பக்கத்தை, அச்சுப் பக்கத்தை அல்ல. அச்சின் 142 அங்கே 118ஆக இருக்கலாம். மூலத்தில் பக்கம் மாறும் இடத்தில் அந்த எண்ணைத் தனிப் பத்தியாக இட்டு, "டெய்சி பக்க எண்" என்ற பாணியைக் (ஸ்டைல்) கொடுங்கள். அப்போதுதான் வாசகர் எண்ணைக் கொடுத்துத் தாவ முடியும்.

இயல் தலைப்புக்கு ஹெடிங் 1, உள்தலைப்புக்கு ஹெடிங் 2. எழுத்தைப் பெரிதாக்கித் தடித்துவிட்டால் அது தலைப்பு ஆகாது. அடிக்குறிப்பை வேர்டின் அடிக்குறிப்பு வசதியிலேயே நுழையுங்கள். குறியைத் தொட்டால் போய்ப் படித்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பலாம். ஒவ்வொரு பக்கத் தலையிலும் வரும் நூற்பெயரை நீக்குங்கள். விட்டுவைத்தால் 320 தடவை வாக்கியத்தை வெட்டும்.

கோப்பின் மொழி "தமிழ்" என்று இருக்கிறதா? ஆங்கிலம் என்று இருந்தால் வாசிப்பான் ஆங்கிலக் குரலுக்கு மாறி, தமிழைத் தாண்டியே போய்விடக்கூடும். கடைசியில், அணுகத்தக்க நூல்களுக்கான டெய்சி கூட்டமைப்பின் ஏஸ் என்ற சோதனைக் கருவியில் சோதியுங்கள். படங்களுக்கு மாற்றுரை (படத்தைச் சொல்லால் விவரிக்கும் குறிப்பு) இருக்கிறதா என்று அது சொல்லும். அந்த மாற்றுரைக்குப் பொருள் இருக்கிறதா என்று சொல்லாது.

செவிவழி

அதையொட்டி ஒன்று. "இது ஒரு வரைபடம்" என்று மாற்றுரை எழுதாதீர்கள். படம் என்பதை வாசிப்பானே சொல்லிவிடும். அந்த வரைபடம் எந்த எல்லையை, எந்த ஆற்றைக் காட்டுகிறது, பக்கத்தில் இருக்கும் பத்தி அதிலிருந்து எதை எடுத்துக்காட்டுகிறது, அதை எழுதுங்கள். வெறும் அலங்காரப் பூவென்றால் மாற்றுரையை வெறுமையாக விடுங்கள். புள்ளிவிவர வரைபடத்துக்கு ஒரு வரி விளக்கமும் கீழே அட்டவணையும் வேண்டும்.

மெய்ப்பை இரண்டு சுற்றாக வையுங்கள். முதல் சுற்று ஸ்கேன் படத்தோடு ஒப்பிட்டு. இரண்டாவது கேட்டு. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும். குரல் கரகரவென்றுதான் இருக்கும், ஆனால் எழுதியதை எழுதியபடியே படிப்பதால் பிழை உடனே காதில் விழும். "மாம்" என்று பார்த்தால் மூளை தானாகவே மரம் ஆக்கிக்கொள்ளும். காதுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரெயிலும் இதே எழுத்துக்கோவையிலிருந்துதான் உருவாகிறது. இங்கே விட்ட பிழை விரலுக்கும் போகும்.

பக்கக்கட்டு

பதிப்பகத்திடம் அச்சுக்குப் போன பிடிஎஃப் கேட்க வேண்டாம். தலைப்பு, அடிக்குறிப்பு, பத்தி எதுவும் அதில் பிரித்தறியும்படி இருக்காது. யூனிகோடாக (இன்றைய பொதுக் குறியாக்கம்) இருந்தாலும் நகலெடுத்தால் கொம்புகள் இடம் மாறி விழும். கேட்க வேண்டியது இன்டிசைன் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) கோப்பு அல்லது இறுதித் திருத்தம் முடிந்த வேர்ட் கோப்பு. எழுத்துரு யூனிகோடா, பாமினி மாதிரிப் பழைய குறியாக்கமா என்றும் கேளுங்கள். பழையது என்றால் குறியாக்க மாற்றி (கன்வர்ட்டர்) வேண்டும். பழைய குறியாக்கத்தில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும், நல்ல மாற்றி அதை வரிசைப்படுத்தும். ஆங்கில வரிகளைத் தனியாக ஒதுக்கிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவையும் தமிழாகிச் சிதையும்.

பதிப்பகத்துக்காரர்களுக்கு: பத்திப் பாணிகளை ஒழுங்காகப் போட்டு, ஒவ்வொன்றும் எந்தத் தலைப்பு நிலை என்று ஏற்றுமதிக் குறியில் இணைத்து, இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற இன்டிசைன் அமைப்பை வைத்துக்கொண்டு, திரை அளவுக்கேற்ப நெகிழ்ந்து மடங்கும் ஈபப்பாக ஏற்றுமதி செய்தால் தன்னார்வலர் வேலையில் பெரும்பகுதி தேவையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கும் பொருந்துகிறது. அங்கே விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் செய்தாக வேண்டிய வேலை இது.

எழுத்துக்கூட்டி

மிக்க நன்றி. பதிப்பகம் கோப்பு தர மறுத்தால் நாங்களே ஸ்கேன் செய்து கொடுப்பது சட்டப்படி சரியா? பக்கங்களைப் பிரித்துக்கொடுத்த விதமும் தவறோ?

தலைப்பு2

மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் ஏற்கப்பட்டு 2016 செப்டம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. அச்சு படிக்க இயலாதவர்களுக்காக, உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்காமலே அணுகத்தக்க பிரதி ஆக்கவும், உறுப்பு நாடுகளுக்கிடையே பகிரவும் அது வழிசெய்கிறது. லாப நோக்கமற்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு வழியாக, தகுதியுள்ள வாசகர்களுக்கு மட்டும் போக வேண்டும். விவரம் அந்தந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கும். பொதுத்தளத்தில் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி போடக் கூடாது. அப்படிப் போட்டால் அடுத்த முறை எந்தப் பதிப்பகமும் கோப்பு தராது. ஆகவே தனித்தனிக் குழுவாக அனுப்புவதைவிட, புக்ஷேர் மாதிரி உறுப்பினர் தகுதி பார்த்துத் தரும் நூலகத்தில் சேர்ப்பது நல்லது. வேறு யாரும் அதே நூலை ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று அங்கே முதலில் தேடவும் முடியும்.

27 பக்கப் பிரிவினை வேண்டாம். இயல் வாரியாகக் கொடுங்கள். "திருவாங்கூர்" ஒருவர் கையில் "திருவிதாங்கூர்" ஆகாமல் இருக்க, மூலத்தில் உள்ள பெயர் வடிவங்களைப் பொதுப் பட்டியலாக வையுங்கள். தலைப்பு நிலை, அடிக்குறிப்பு, பக்க எண் மூன்றையும் 12 பேரும் தொட வேண்டாம். ஒருவரே கடைசியில் முழுக்கோப்பில் செய்யட்டும்.