பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஒரு வேலை

குழு: நம் வீடு, விருதுநகர்

கார்த்தி: பரீட்சை முடிந்துவிட்டது. பள்ளி திறக்கும்வரை வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். என் நண்பன் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறான். ஓர் இரவுக்கு 400 ரூபாய், சாப்பாடும் உண்டு.

உமா: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

கார்த்தி: சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வாய், அம்மா. அதனால்தான் எல்லாரும் இருக்கும் இடத்தில் கேட்கிறேன்.

முருகேசன்: போகட்டும் அக்கா. செல்போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடப்பதற்கு, நான்கு மனிதர்களோடு பழகினால் நல்லது.

செல்வி: வேலைக்குப் போகட்டும், எனக்கும் சம்மதம்தான். பந்தி வேலை மட்டும் வேண்டாம். அதிகாலை முகூர்த்தம் என்றால் நள்ளிரவிலேயே போய் நிற்க வேண்டும். கொதிக்கும் சாம்பார் வாளியோடு ஈரத் தரையில் ஓட வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளைகளிடம் இரவு 7 மணி முதல் காலை 8 மணிவரை வேலை வாங்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது.

கார்த்தி: அப்படியானால் சாப்பாடு டெலிவரி, பெரியம்மா?

செல்வி: அதற்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

முருகேசன்: பக்கத்துக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமே. என் வண்டியைத் தருகிறேன்.

செல்வி: தம்பி, அந்தப் பேச்சே வேண்டாம். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை என்று இருக்கிறது. இவனுக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடைக்காது.

உமா: பட்டாசு ஆலையில் லேபிள் ஒட்ட ஆள் தேவை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் அக்கா.

செல்வி: லேபிள் என்றாலும் வேண்டாம் உமா. வெடிமருந்து இருக்கும் இடத்தில் இந்த வயதுப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கவே கூடாது. நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் அழுதிருக்கிறார்கள்!

தாத்தா: எனக்குப் பதினைந்து வயதில் ஒரு கடையில் இரண்டு மாதம் மூட்டை தூக்கினேன். கடைசி நாள் கூலி கேட்டபோது, மதியம் போட்ட சோற்றுக்கு அது சரியாகப் போய்விட்டது என்றார் முதலாளி. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வீடு வந்தேன். கார்த்தி, எங்கே போனாலும் கூலி எவ்வளவு, எந்தக் கிழமை தருவார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடு.

முருகேசன்: அப்பா, இதை எங்களிடம் நீங்கள் சொன்னதே இல்லையே.

முருகேசன்: என் நண்பருடைய நோட்டுக் கடையில் ஆள் தேவைப்படும். 40 பக்கம், 80 பக்கம், 192 பக்கம், கோடு போட்டது, போடாதது, நான்கு கோடு என்று பிரித்து, வகுப்புவாரியாகக் கட்டுப் போட வேண்டும். காலை 10 முதல் இரவு 8 வரை. ஒரு நாளைக்கு 300 ரூபாய்.

செல்வி: மாலை 4 மணிக்கு விட்டுவிடச் சொல். இடைவேளையையும் சேர்த்து ஆறு மணி நேரம்தான் சட்டம். மூன்று மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.

உமா: மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும். நாளை நானும் கடையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முருகேசன்: பேசிவிட்டேன். 4 மணிக்கு விட ஒப்புக்கொண்டார். ஒரு நாளைக்கு 200 ரூபாய், சனிக்கிழமைதோறும் மொத்தமாக இவன் கையில்.

கார்த்தி: 400 எங்கே, 200 எங்கே! சரி மாமா, போகிறேன்.

தாத்தா: 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள். வேலை செய்த நாளையும் வாங்கிய பணத்தையும் அன்றன்றே எழுதி வை.

கார்த்தி: அந்தக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன், தாத்தா. கோடு போட்டதா, போடாததா?

தாத்தா: கோடு போட்டது.